அசுந்தா, கீழ அடுப்பு

ரொக்காமோராவில் பெண்கள் தெருவைப் பார்த்து உட்கார மாட்டார்கள். வாசலில் நாற்காலியைப் போட்டால் முகம் சுவருக்கு, முதுகு தெருவுக்கு. மிளகாய் கோப்பதும் மொச்சை உரிப்பதும் பிள்ளைக்குப் பேன் பார்ப்பதும் அப்படியேதான். தெருவில் போகிறவன் யார் என்று தெரியாதே என்று நீங்கள் பரிதாபப்பட வேண்டாம். செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அவன் எந்த வீட்டுக்குப் போகிறான், எதற்குப் போகிறான் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். இத்தாலியின் தெற்கே, இந்த லூக்கானியா மலையில் மற்ற ஊர்களிலும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் இந்த வழக்கத்தை வைத்தே ஒரு மேயரை மடக்கியது எங்கள் ஊர்தான். அதிலும் கீழ்த்தெரு ரொட்டி அடுப்பில் சுடுகிற கீழ அடுப்புக்காரிகள்தான்.

அது அறுபதாம் வருஷம், அக்டோபர் மாதம். மேகம் தினமும் மலைமேல் வந்து நிற்கும், ஒரு சொட்டு விடாமல் அடுத்த ஊருக்குப் போய்விடும். திராட்சை அறுப்பு முடிந்து தெருவெல்லாம் புளித்த வாடை. அசுந்தா வழக்கம்போல சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அந்த வருஷத்துக் கடைசிச் சிவப்பு மிளகாயைக் கோத்துக்கொண்டிருந்தாள். சரம் சரமாகக் கட்டிக் காயவிட்டால்தான் குளிர்காலத்தில் எண்ணெயில் ஒரு நொடி காட்டி எடுத்து ரொட்டியோடு கடித்துக்கொள்ளலாம். பின்னால் கோவேறு கழுதையின் குளம்புச் சத்தமும், கூடவே ஒரு காலை இழுத்து வைக்கும் செருப்புச் சத்தமும் கேட்டன. நார்தோ, அவள் புருஷன். ஆற்றங்கரை நிலத்துக்குத் தண்ணீர் பீப்பாய்களைக் கொண்டு இறக்கிவிட்டு வருகிறான்.

அவன் குனிந்து அவள் மடியிலிருந்த நூல்கண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

"ஏங்க, அந்த நூலு எதுக்கு?"

"பெட்டியக் கட்டணும்."

"ஊர்ல கயிறே இல்லையாக்கும்? பாதி மிளகாய் கோக்காமக் கெடக்கு. இப்படியே விட்டா அழுகிப்போகும்."

"அட்டைப் பெட்டிடி. சும்மா விட்டா ரயில்ல வாயப் பொளந்துரும். என் கிழிஞ்ச பனியன ஜெர்மனிக்காரன் பாக்கணுமா?"

அவன் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எலெக்‌ஷன் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, காலை பஸ்ஸில் நார்தோ கிளம்புகிறான். ஜெர்மனியில் செங்கல் சூளை வேலை. இதற்கு முன்னால் போனவர்களில் சிலர் பணம் அனுப்பினார்கள், சிலர் போட்டோ அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

போவதற்கு அவனுக்கு மட்டும் ஆசையா என்ன? நில வாரியம் ஆற்றங்கரையில் நிலம் கொடுத்தது, ஒரு சின்ன வீடும் கட்டிக் கொடுத்தது, கிணறு மட்டும் கொடுக்கவில்லை. பக்கத்தில் ஆறு என்றுதான் பெயர்; கோடையில் அது வெறும் கல். முதல் எலெக்‌ஷனில் மேயர் கெய்தானோ, "கிணறு என் பொறுப்பு" என்றார். இரண்டாவது எலெக்‌ஷனில், "துளை போடுற இயந்திரமே வந்தாச்சு" என்றார். இது மூன்றாவது. அந்தக் கோடையில் தக்காளி முழுக்கச் செடியிலேயே கருகிப் போனது. நார்தோ அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நேரே நகராட்சிக்குப் போய் ஜெர்மனிக்கு மனுக் கொடுத்தான். எதிலும் இழுத்தடிக்கும் மேயர் இதில் மட்டும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். வாய் உள்ளவன் ஊரைவிட்டுப் போனால் அவருக்கு நல்லதுதானே.

நூலை எடுத்துப் போன அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மொச்சை மசியலும் காட்டுக்கீரையும். மாமனார் சவேரியோ, விட்டோவின் காப்பிக்கடையிலிருந்து நேரே வந்து உட்கார்ந்தார். அந்தக் கடையில்தான் ஊரின் ஒரே டெலிவிஷன், பின்சுவரில் உயரமான பலகைமேல் இருந்தது. வழக்கமாகப் பாட்டுப் போட்டி பார்த்துவிட்டு முனகிக்கொண்டே வருகிறவர், அன்றைக்குக் கண்ணெல்லாம் பளபளவென்று வந்தார்.

"இன்னைக்கு ஒரு அதிசயம் பாத்தேன்டா நார்தோ. எலெக்‌ஷன் நிகழ்ச்சின்னு புதுசாப் போடுறான். ரோமாபுரியில பெரிய கட்சித் தலைவர் ஒருத்தர் மேசைக்குப் பின்னால உக்காந்திருக்காரு. எதிர்ல பத்திரிகைக்காரனுக. மீசைகூட சரியா மொளைக்காத ஒருத்தன் எந்திரிச்சு, 'நீங்க போன தடவ சொன்னது ஒண்ணு, செஞ்சது ஒண்ணு, ஏன்?'னு கேக்குறான்!"

"நேருக்கு நேராவா?"

"நேருக்கு நேரா! அவரும் பதில் சொல்றாரு."

அசுந்தாவின் கரண்டி பாதியில் நின்றது. "கேட்டவனப் புடிச்சுட்டுப் போகலையா மாமா?"

"போகலையே. அடுத்தவன் எந்திரிச்சு அடுத்த கேள்வியக் கேக்குறான்."

"நானும் அதப் பாக்கணும்."

சவேரியோ ரொட்டியைக் கடித்தபடி சிரித்தார். "காப்பிக்கடைக்குள்ளயா? நல்லா இருக்கு கதை. உங்க மாமியா உயிரோட இருந்திருந்தா வெளக்குமாத்த எடுத்திருப்பா. எந்தச் சின்னத்துல குத்தணும்னு நான் சொல்லப் போறேன், நீ குத்தப் போற. அதுக்கு எதுக்கு டெலிவிஷனு?"

அசுந்தா மறுபடி கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஆனால் அந்த நிகழ்ச்சி மறுபடி வந்த அன்று சாயங்காலம், தன் நாற்காலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். வழியில் மெனிக்கா பார்த்துவிட்டாள். கீழ்த்தெருவின் ரொட்டி அடுப்பு மெனிக்காவின் பொறுப்பு. ஊரில் பாதிப் பெண்கள் அவளிடம்தான் மாவு கொண்டுபோய் வீட்டு முத்திரையைக் குத்திச் சுட்டு வருவார்கள். கை அகலம், வாய் அதைவிட அகலம்.

"எங்கடி நாற்காலியோட குடிபோற?"

"விட்டோ கடைக்கு."

"ஐயோ மாதாவே! உள்ளயா?"

"உள்ள எதுக்குப் போறேன்? வெளியதான். நம்ம வழக்கப்படி."

மெனிக்கா ஒரு கணம் முழித்தாள். பிறகு விஷயம் புரிந்து, வீட்டுக்குள் ஓடித் தானும் நாற்காலியோடு வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள்.

காப்பிக்கடையின் தெருப்பக்கத்துச் சுவரில் பெரிய கண்ணாடிச் சன்னல் ஒன்று உண்டு. அதன் கீழே வரிசையாக நாற்காலியைப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்கள். நேர் எதிரே, ஆண்களின் தொப்பிகளுக்கு மேலே, டெலிவிஷன் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். சவேரியோ கோபமாக வெளியே வந்தார்.

"அசுந்தா! என்ன கூத்து இது? மானத்த வாங்குறியா?"

"நான் என்ன செஞ்சேன் மாமா? தெருவுக்கு முதுகு காட்டித்தானே உக்காந்திருக்கேன். செவுத்தத்தான் பாக்குறேன்."

"இது செவுராடி? சன்னலு!"

"சன்னல் செவுத்துலதானே மாமா இருக்கு?"

மெனிக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். விட்டோ கதவுக்கு வெளியே தலையை நீட்டி, "இருந்துட்டுப் போகட்டும் பெரியவரே, அவுக பாத்தா என் செவுரா தேஞ்சு போகும்!" என்று கத்தினான். சவேரியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வழக்கத்தை மீறியிருந்தால் திட்டலாம். அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பவளை என்னவென்று திட்டுவது?

ஆனால் குளிருக்குச் சன்னலைச் சாத்தியிருந்தார்கள், ஒரு வார்த்தையும் வெளியே கேட்கவில்லை. ஆண்களுக்குப் பேச்சுக் கிடைத்தது, பெண்களுக்கு முகம் மட்டும்தான் கிடைத்தது. நான் சொல்வேன், அன்றைக்கு அதிகம் தெரிந்துகொண்டது வெளியே இருந்தவர்கள்தான். சந்தையில் வாய் திறக்காமலே வியாபாரியின் முகத்தைப் படிக்கிறவர்கள் அவர்கள். மேடையில் கை வீசிப் பேசும் தலைவன், அந்தப் பெட்டிக்குள் இத்தனை பெரிய முகமாக, ஒவ்வொரு மயிரும் தெரிய, இவர்கள் கண்ணெதிரே மாட்டிக்கொண்டான்.

"இவரு கண்ணப் பாரு. கேக்குறவனப் பாக்காம மேசையப் பாக்குறாரு."

"கைய என்ன பண்றதுன்னு தெரியல அவருக்கு."

ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் தலைவர் என்ன செய்கிறார் என்பதை அசுந்தா கவனித்துக்கொண்டே இருந்தாள். சில கேள்விகளுக்கு உடனே பேசினார். சில கேள்விகளுக்கு முதலில் டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"மெனிக்காக்கா, அவரு தண்ணி குடிக்கிறப்பல்லாம் பாருங்க. பதில் இல்ல, அதான்."

"ஆமாண்டி! பொய்க்குத் தாகம் ஜாஸ்தி" என்றாள் மெனிக்கா. அன்றிலிருந்து அது எங்கள் ஊரில் பழமொழியாகிவிட்டது.

அடுத்த நிகழ்ச்சியில் சன்னலைத் திறந்தவர்கள் ஆண்களேதான். கூட்டம் அதிகமாகி, ஆளுக்கொரு சுருட்டைப் பற்ற வைத்து, புகையில் தலைவர் முகமே தெரியாமல் போய், "அந்தச் சன்னலத் தெறங்கடா!" என்று அவர்களே கத்தினார்கள். புகை வெளியே வந்தது, கூடவே பேச்சும் வந்தது. அன்றைக்குத்தான் பெண்கள் அந்த முறையைத் தெரிந்துகொண்டார்கள். கேட்கிறவன் சும்மா எழுந்து கேட்பதில்லை. முதலில் தன் பெயரைச் சொல்கிறான். பிறகு இன்னொரு பெயரைச் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் கேள்வி.

"அந்த ரெண்டாவது பேரு என்னக்கா?"

அது அவனவன் பத்திரிகையின் பெயர். பத்திரிகையையே கண்டிராத மெனிக்கா கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள். "எந்த அடுப்புன்னு சொல்றாகடி. ரோம் எம்மாம் பெரிய ஊரு, எத்தனை அடுப்பு இருக்கும்! எந்த அடுப்புன்னு தெரியாம ஒருத்தனுக்கு எப்படிப் பதில் சொல்ல முடியும்?"

எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

வியாழக்கிழமை ரொட்டி சுடும் நாள். விடியும் முன்னே ஒலிவக் குச்சிகளை அடுப்பில் போட்டு எரித்து, சாம்பலைத் தள்ளி, வண்டிச்சக்கரம் மாதிரி ரொட்டிகளை உள்ளே விட்டுவிட்டு, அவை வேகும்வரை பெண்கள் டெலிவிஷன் விளையாடினார்கள். மெனிக்கா மாவு மூட்டைமேல் தலைவராக உட்கார்ந்தாள். அசுந்தா எழுந்து நின்றாள்.

"அசுந்தா. கீழ அடுப்பு. கேள்வி இதுதான். போன வாரம் என் ரொட்டி ஏன் கருகுச்சு?"

மெனிக்கா தொண்டையைச் செருமினாள். "அன்பார்ந்த சகோதரி! ரொட்டி என்பது நம் நாட்டின் உயிர்..."

"கருகுனது ஏன்?"

"அது வந்து... அந்தத் தண்ணிச் செம்ப எடுங்கடி."

அடுப்படியே சிரிப்பில் குலுங்கியது. சிரித்துச் சிரித்து அசுந்தாவின் கண்ணில் நீர் வந்தது. துடைத்தாள், மறுபடி வந்தது, இப்போது அது சிரிப்பு இல்லை. மெனிக்கா மூட்டையிலிருந்து இறங்கி வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"என்னடி?"

"திங்கட்கிழமை அவுக போயிருவாகக்கா. பெட்டியக் கட்டிக் கதவோரம் வச்சாச்சு. ஒரு கிணறு இருந்தா போகமாட்டாக. ஒரே ஒரு கிணறு."

"இத எங்கிட்ட ஏன் கேக்குற? கேக்க வேண்டியவருகிட்டக் கேளு."

"நான் எப்படிக்கா? நாளைக்குச் சதுக்கத்துல மேயர் கூட்டம். அது ஆம்பளைக நிக்கிற இடம்."

மெனிக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "நகராட்சிக் கட்டடத்துக்குச் செவுரு இருக்குல்ல?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேண்டு வாத்தியம் முழங்க மேயர் கெய்தானோ நகராட்சி மாடி முகப்பில் வந்து நின்றார். வக்கீல், நல்ல குரல், பூசை நேரத்துப் பங்குச்சாமியார்கூட அவர் குரலுக்குப் பொறாமைப்படுவார். முன்னால் மூவர்ணத் துணி, பக்கத்தில் சின்ன மேசை, மேசைமேல் தண்ணீர் டம்ளர். சதுக்கம் முழுக்கக் கறுப்புத் தொப்பிகள். அப்போது கீழ்த்தெருவிலிருந்து நாற்காலிகள் வந்தன. தொப்பிகள் விலகி வழிவிட்டன. பெண்கள் நேராக முன்னால் போய், நகராட்சிச் சுவரை ஒட்டி நாற்காலிகளைப் போட்டு, ஊருக்கே முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். கொஞ்சம் நிமிர்ந்தால் மேயர் முகம்.

மேயர் இதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்ததாகக் காட்டவில்லை. ரோமைப் பற்றிப் பேசினார், மாதாவைப் பற்றிப் பேசினார், வரப்போகும் சாலையைப் பற்றிப் பேசினார். மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார். அசுந்தா எழுந்தாள். மெனிக்கா அவள் பாவாடையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அசுந்தா. கீழ அடுப்பு. கேள்வி இதுதான்."

தொப்பிகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"ஆத்தங்கரை நெலத்துக்குக் கிணறு தர்றேன்னு ரெண்டு எலெக்‌ஷன்ல சொன்னீங்க. துளை போடுற இயந்திரம் வந்தாச்சுன்னும் சொன்னீங்க. அது எங்க நிக்குது? எங்களுக்கு என்னைக்கு வரும்?"

மேயர் பெரிதாகச் சிரித்தார். "என்ன மகளே, அடுப்புல ரொட்டிய வச்சுட்டு மறந்துட்டு வந்துட்டியா?"

ஆண்கள் சிரித்தார்கள். நார்தோ சிரிக்கவில்லை, கடைசி வரிசையில் நின்றவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அசுந்தாவுக்கு முகம் எரிந்தது. ஆனால் இதை அவள் சன்னல் வழியாக ஏற்கெனவே பார்த்திருந்தாள். தலைவர்கள் இப்படித்தான் சிரிப்பார்கள். கேட்டவன் அப்போது கோபப்படவில்லை, உட்காரவுமில்லை. அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்டான்.

"அசுந்தா. கீழ அடுப்பு. இயந்திரம் எங்க நிக்குது? என்னைக்கு வரும்?"

"திட்டம் மேலிடத்துப் பரிசீலனையில..." என்று ஆரம்பித்த மேயரின் குரல் இறங்கியது. கை தானாகவே மேசைக்குப் போய் டம்ளரை எடுத்தது.

"தண்ணி!" என்றார்கள் கீழே இருந்த பெண்கள், ஒரே குரலில்.

மேயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. டம்ளர் உதடுவரை போய் நின்றது. அசுந்தா அண்ணாந்து பார்த்தபடி, கேலியே இல்லாமல், வீட்டுக்கு வந்தவரை உபசரிக்கிற குரலில் சொன்னாள்.

"குடிங்கய்யா. எங்க நெலத்துல அதுதான் இல்ல."

அவரால் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. இப்போது யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நார்தோ. அசுந்தா புருஷன். அதே அடுப்பு. என் கேள்வியும் அதேதான்."

அதற்குப் பிறகு ஒரு கிழக்குரல். "சவேரியோ. அதே அடுப்பு." தொண்டையைச் செருமினார். "கேக்குறது என் மருமக. பதில் சொல்லுங்க."

இங்கே ஒருவன், அங்கே ஒருவன் என்று பெயர்கள் எழும்பத் தொடங்கின. பிறந்ததிலிருந்து அடுப்புப் பக்கமே போகாத ஆம்பிளைகள் எல்லாம் எந்த அடுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேல அடுப்புக்காரர்களும் சேர்ந்துகொண்டபோது மேயர் டம்ளரை டக்கென்று வைத்தார்.

"நாளைக்கு!" என்றார். "நாளைக்குக் காலையில இயந்திரம் வரும்!"

சனிக்கிழமை காலையில் அது வந்தது. எங்கே நின்றதோ, யாருக்காக நின்றதோ, அது ஆண்டவருக்கே வெளிச்சம். ஞாயிற்றுக்கிழமை ஊர் ஓட்டுப் போட்டது. வரிசையில் நின்றபோது சவேரியோ மருமகளிடம் குனிந்து, "யாருக்குப் போடுற?" என்றார். "நீங்க யாருக்குப் போடுறீங்க மாமா?" என்றாள் அவள். அவர் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெய்தானோ ஏதோ சொற்ப ஓட்டில் ஜெயித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு ஒரு கூட்டத்திலும் அவர் பக்கத்தில் தண்ணீர் வைக்க விட்டதில்லை.

திங்கட்கிழமை விடியும்போதே நார்தோ ஆற்றங்கரைக்கு இறங்கிப் போனான். "ரெண்டு நாளா வெறும் கல்லும் களிமண்ணுமாத்தான் வருது. பஸ் வர்றதுக்குள்ள ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றான். பெட்டி நூலால் இறுக்கிக் கட்டியபடி கதவோரம் நின்றது. வழிக்கு ரொட்டியும் வறுத்த மிளகாயும் துணியில் கட்டி அதன்மேல் வைத்திருந்தாள். வேறு செய்ய ஒன்றுமில்லை. நாற்காலியை எடுத்துப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கோக்காத மிளகாய் மடியில் கிடந்தது, கோக்க நூல் இல்லை.

மேலே சதுக்கத்தில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. இன்னொரு தடவை அடித்தது. தெருவில் யார் யாரோ போனார்கள். விட்டோவின் பூட்ஸ், கோயில் மணியடிப்பவனின் மரச் செருப்பு. பிறகு கீழேயிருந்து, ஒரு காலை இழுத்து வைத்து, அந்தச் சத்தம் வந்தது. ஓட்டமாக வந்தது. பஸ்ஸுக்குத்தான் ஓடி வருகிறார் என்று நினைத்தாள். சுவரில் ஒரு காரை பெயர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் நெருங்கியது. அதில் ஏதோ வித்தியாசம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம்தான். ஆனால் இன்றைக்கு அடி வைக்க வைக்க, சளக், சளக் என்றது. மழையில்லாத மாதத்தில், புழுதி பறக்கும் தெருவில், நனைந்து ஊறிய செருப்பின் சத்தம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. சத்தம் அவளைத் தாண்டி வீட்டுக்குள் போனது. முடிச்சை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், ஈரம் சொட்டும் ஒரு கை பின்னாலிருந்து வந்து அவள் மடியில் நூலைப் போட்டது.

"பாதி மிளகாய் கோக்கலைன்னியே" என்றான் நார்தோ.